எந்த மட்டத்தில் வெட்டுவது

என் அண்ணன் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வெள்ளாமை செய்கிறவர். என் மனைவியின் தம்பி கடல் பக்கத்து எழுவான்கரையில் தோணியில் போய் மீன் பிடிக்கிறவர். இருவருக்கும் நடுவில் வாவி. மாரி மழை கூடிய வருடங்களில் வாவி நிரம்பி அண்ணனின் வயலுக்குள் ஏறும். முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல் மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட்டால்தான் பயிர் தப்பும். ஆனால் அவசரப்பட்டு வெட்டினால், வாவிக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் மீன்குஞ்சும் தண்ணீரோடு போய்விடும். வெட்டு என்று ஒரு கரையும் வெட்டாதே என்று மறுகரையும் நிற்பதை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கண்டிருக்கிறேன். அதை நான் அரசியலாக எண்ணியதே இல்லை. அரசியல் என்றால் எனக்கு வேறொன்றாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாகத் திரிந்தோம். மூவரில் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதாமல் போருக்குப் போனான். அவன் வரவில்லை. அவனுடைய உடலும் வரவில்லை. மற்ற இருவரும் பல்கலைக்கழகம் போனோம். போர் முடிந்தபோது உயிரோடு இருந்தோம். அப்படி உயிரோடு இருந்ததற்கு ஏதாவது பொருள் இருக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியது. நகரத்தில் ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் மன்றம் ஒன்றைத் தொடங்கினோம். நான் ரியூசன் வகுப்புகளில் வரலாறு படிப்பித்துவிட்டுப் பின்னேரங்களில் அங்கே போய்விடுவேன்.

எங்கள் நிலைப்பாட்டில் சிக்கல் எதுவும் இல்லை. எங்கள் மக்களுக்கு முழு நீதி வேண்டும். அது வரும்வரை அரை நீதியைக் கையாலும் தொடக் கூடாது. நாங்கள் வாக்களிப்பதில்லை. அதிகாரிகள் கூட்டும் கூட்டங்களுக்குப் போவதில்லை. அரசு வீதிக்குத் தார் ஊற்றிக் காப்பற் போட்டபோது, காணாமல் போனவர்களுக்கு இது பதிலாகாது என்று அறிக்கை விட்டோம். அது உண்மைதான். இன்றைக்குக் கேட்டாலும் உண்மை என்றே சொல்வேன்.

என் நண்பன் உரத்துப் பேசுகிறவன் அல்ல. அந்த அறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவான். வராமல் போன எங்கள் கூட்டாளியின் பேரை ஒருநாளும் கூட்டத்தில் சொல்ல மாட்டான். ஆனால் அவன் பேசும் ஒவ்வொரு வசனமும் அந்தக் கூட்டாளியை நோக்கியே பேசப்படுவதாக எனக்குத் தோன்றும். பேச்சு முடிந்து படியிறங்கும்போது என்னிடம் இருந்த சின்னத்தனமெல்லாம் கழுவப்பட்டுவிட்டது போல இருக்கும். அந்த உணர்வுக்காகவே நான் பல வருடங்கள் அங்கே போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஒரு மாரியில் மழை விடாமல் பெய்தது. அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒருக்கா வந்து பாரு. பாத்துப் போட்டு எழுது. நீங்க எழுதினா நாலு பேர் வாசிப்பாங்க."

மோட்டார் சைக்கிளில் போனேன். வயல் வட்டை முழுவதும் ஒரே தண்ணீர். வரம்பு எது வயல் எது என்று தெரியவில்லை. கதிர் தள்ளுவதற்குத் தயாராக இருந்த பயிரின் நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. அண்ணன் முழங்காலுக்கு மேலே தண்ணீரில் நின்றார். பக்கத்துக் காணிக்காரரும் நின்றார். அவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர். வாப்பாவின் காலத்து வயலை விடாமல் செய்துகொண்டிருந்தார்.

நான் போனிலேயே ஓர் அறிக்கையை எழுதி, நண்பனுக்கு அனுப்பிவிட்டு, அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். தமிழ் விவசாயிகளை அரசு திட்டமிட்டு மூழ்கடிக்கிறது என்று தொடங்கியது அது. புடவைக்கடைக்காரர் கடைசிவரை கேட்டார்.

"நல்லா எழுதியிரிக்கீங்க சேர்," என்றார். "இதில என்ட வயல் எந்தப் பக்கம் வருகுது?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு நண்பனுக்கு மறுபடி அனுப்பினேன். முதலில் அனுப்பியது அதற்குள் முகநூலில் ஏறிவிட்டது. மாற்றினால் குழப்பம் வரும், பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது.

அடுத்த நாள் விவசாயிகள் லொறிகளில் முகத்துவாரத்துக்குப் போனார்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றும் வந்து நின்றது. மீனவர்கள் அவர்களுக்கு முன்பே வந்து மணல் மேட்டின் மேல் வரிசையாக இருந்தார்கள். மன்றத்தின் சார்பில் பதாகையோடு போனவர்களில் நானும் ஒருவன். பதாகையில் இருந்தது அரசுக்கு எதிரான வாசகம். அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் மண்வெட்டிகளோடு என் அண்ணன். மறுபக்கம் துடுப்போடு என் மச்சான். என் கல்யாணத்தில் இருவரும் ஒன்றாகப் பந்தல் கட்டினவர்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க," என்று மச்சான் கத்தினார். "இறால் விரலளவு கூட இல்ல."

"கொஞ்ச நாள் பொறுத்தா எனக்கு வைக்கல் கூட இல்ல," என்றார் அண்ணன்.

பிறகு யார் முதலில் தள்ளினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தள்ளுப்பட்டார்கள், விழுந்தார்கள். யாரோ வீசிய மண்வெட்டிப் பிடி மச்சானின் முழங்கையில் பட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தினார். பொலிஸ் வந்து எல்லோரையும் ஒதுக்கியது. பெக்கோ மேட்டை அகலமாக வெட்டியது. வாவித் தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு பாய்ந்தது. வலைகளை எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. இரண்டு தோணிகள் கவிழ்ந்தபடி கடலுக்குப் போனதைக் கண்டோம். அண்ணனின் வயலில் தண்ணீர் வடிந்தபோது பயிர் அழுகியிருந்தது. நெல்லும் இல்லை, இறாலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் என் மனைவி தம்பியின் கட்டிலருகே இருந்தாள். நான் உள்ளே போனதும் எழுந்து வெளியே வந்தாள்.

"நீங்க எந்தப் பக்கத்தில நிண்டீங்க?" என்று கேட்டாள்.

"நடுவில. பதாகை பிடிச்சிட்டு."

"அண்ணனோட நிண்டிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்கும். தம்பியோட நிண்டிருந்தாலும் விளங்கியிருக்கும்," என்றாள். திரும்பி உள்ளே போனாள்.

அந்த வாரம் மன்றத்தில் அறிக்கை எழுதக் கூடினோம். மீனவர்களைப் பற்றியும் எழுத வேண்டும், இரண்டு கரைச் சனத்துக்கும் இடையில் இருப்பது பொய்ச் சண்டை அல்ல, இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றேன். நண்பன் பொறுமையாகக் கேட்டான்.

"நீ சொல்றது சரி. ஆனா அதை எழுதினா நாங்க பிளவுபட்டவங்க எண்டு அரசாங்கத்துக்காரங்க சொல்லுவாங்க. முதல்ல பெரிய விசயம். இதெல்லாம் அதுக்குப் பிறகு தானாச் சரிவரும்."

பல வருடங்களாக நானும் இதையே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று அது காதில் விழுந்தபோது, தானாக எப்படிச் சரிவரும் என்று யோசித்தேன். நாளைக்கே நாங்கள் கேட்டதெல்லாம் கிடைத்தாலும் அடுத்த மாரியில் மழை பெய்யும். வாவி நிரம்பும். மேட்டை எப்போது வெட்டுவது என்று அன்றைக்கும் யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அதிகாரி ஒருவர் இரண்டு தரப்பையும் பேச அழைத்தார். மன்றத்தின் கொள்கைப்படி நான் போகக் கூடாது. புடவைக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

"சேர், அங்க வாற எல்லாருக்கும் ஒரு கரைதான் சொந்தம். உங்களுக்கு ரெண்டும் சொந்தம். சும்மா வந்து இருங்க. பேசக்கூடத் தேவையில்ல."

"வந்தா எங்கட ஆக்கள் என்ன சொல்லுவாங்க எண்டு தெரியுமா, காக்கா?"

"தெரியும். நான் வந்தாலும் எங்கட ஆக்கள் சொல்லத்தான் போறாங்க."

போனேன். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். முதல் நாள் ஏச்சிலேயே போனது. மச்சான் முழங்கையை நீட்ட முடியாமல் மடித்தபடி இருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அடுத்தடுத்த கூட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு தண்ணீர் மட்டத்துக்கு வந்தது. தண்ணீர் எவ்வளவு ஏறினால் வெட்டலாம்? விவசாயிகள் ஒரு மட்டம் சொன்னார்கள். மீனவர்கள் அதைவிட ஒரு முழம் மேலே சொன்னார்கள். நான் செய்தது இரண்டு தரப்பும் இருந்த வாங்குகளுக்கும் இடையில் மாறி மாறி நடந்ததுதான். அண்ணனிடம் போய், ஆகப் பள்ளமான காணித் துண்டை மாரியில் விதைக்காமல் விட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை அறையப் போகிறார் என்று நினைத்தேன். மச்சானிடம் போய், வலை எடுக்க ஒரு நாள் அவகாசம் தந்து ஒடுக்கமாக வெட்டினால் சம்மதமா என்று கேட்டேன்.

"ஒரு நாள் காணா அத்தான்."

"எத்தின நாள் காணும்?"

அவர் யோசித்தார். "ரெண்டு நாள் தந்தாலும் நான் சந்தோசமா ஓம் எண்டு சொல்ல மாட்டன்."

"சந்தோசமாச் சொல்லத் தேவையில்ல," என்றேன்.

கடைசியில் இரண்டு தரப்புக்கும் பிடிக்காத ஒரு மட்டத்தில் முடிவு வந்தது. வாவிக்கு மேலே போகும் பாலத்துத் தூண் ஒன்றில் அந்த அளவில் சிவப்புக் கோடு போட்டார்கள்.

நண்பன் அன்று பின்னேரமே வகுப்பு வாசலில் வந்து நின்றான். பிள்ளைகள் போகும்வரை காத்திருந்தான். அவன் முகத்தில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது.

"அவன் செத்தது தூணில சிவப்புக் கோடு கீறவா?" என்று கேட்டான்.

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எங்கள் கூட்டாளியைப் பற்றி அவன் வாய்விட்டுப் பேசியது அதுதான்.

"இல்ல," என்றேன். "அதுக்கில்ல."

"மறுகா எதுக்கு?"

"அவன் எதுக்குப் போனானோ அதை நான் விடயில்லடா. ஆனா அது வாற வரைக்கும் அண்ணன்ட வயலுக்குள்ள தண்ணி நிக்க ஏலா."

"இப்பிடித்தான் எல்லாரும் தொடங்குறது," என்றான். "முதல்ல ஒரு கோடு. பிறகு ஒரு கதிரை."

அப்படித் தொடங்கியவர்களை எனக்கும் தெரியும். அவன் பயந்தது வீண் பயம் அல்ல. அவன் போன பிறகு கரும்பலகையை அழித்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தேன். மன்றத்தின் வட்சப் குழுவிலிருந்து என் பேர் எடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த மாரியிலும் மழை நன்றாகவே பெய்தது. தண்ணீர் கோட்டைத் தொட்டது. மீனவர்கள் இரண்டு நாள் வலை இழுத்தார்கள். பிறகு மேட்டை ஒடுக்கமாக வெட்டினார்கள். அண்ணனுக்குப் பள்ளக் காணியில் ஒன்றுமில்லை, மேட்டுக் காணியில் விளைந்தது. மச்சான் பிடித்த இறால் சின்னதுதான், ஆனால் வலைகள் மிஞ்சின. இருவரும் தனித்தனியாக எனக்கு ஏசினார்கள். புடவைக்கடைக்காரர் தொலைபேசியில் சிரித்தார்.

"ரெண்டு கரையும் ஏசுது சேர். ஒரு கரை மட்டும் ஏசினாத்தான் நான் பயப்பிடுவன்."

நான் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டங்களிலிருந்து வீட்டுக்கு வரும்போது மனதைக் கழுவிவிட்டது போல எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தலையிடியோடுதான் வருவேன். அந்த அறையில் கிடைத்த நிறைவு பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை. அதை இழந்துவிட்டேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. என் மனைவி மட்டும் ஒருநாள், "இப்ப நீங்க வீட்டில கதைக்கிறது விளங்குது," என்றாள்.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது முதல் தடவையாக வாக்களித்தேன். நான் புள்ளடி போட்டவர் வெல்லவில்லை. தேர்தல் முடிந்த கையோடு நண்பனின் தகப்பன் காலமான செய்தி வந்தது. கொஞ்ச நாளாகப் படுக்கையில் இருந்தவர். நான் போனேன். மன்றத்து ஆட்கள் பந்தலில் இருந்தார்கள். என் இடது கைச் சின்ன விரலில் மை இன்னும் கறுப்பாக இருந்தது. மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு கதிரைக்குப் போனார்.

நண்பன் என்னைக் கண்டு எழுந்து வந்தான். நான் அவன் கைகளைப் பிடித்தேன். அவன் குனிந்து என் விரலைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "தூக்க ஆள் காணா. நீ முன்னுக்கு வா," என்றான்.

சுடலையிலிருந்து வந்து அவன் வீட்டுக் கிணற்றில் குளித்தோம். ஈரத் துணியோடு கிணற்றுக் கட்டில் இருந்தோம்.

"நான் மாற மாட்டன்," என்றான்.

"தெரியும்."

"நீயும் எங்கட பக்கம் கிறுகி வர மாட்டாய்."

"ஓம்."

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு தகப்பனைப் பற்றிப் பேசத் தொடங்கினான். கடைசி நாட்களில் அவர் சாப்பிட மறுத்ததை, மகனான தன்னை அவருடைய தம்பி என்று நினைத்துப் பேசியதை, ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.