நாற்பத்தெட்டு வயதுக் கைக்குழந்தை

போன வருடம், ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை. மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கும் குழந்தைகள் கிளினிக்கில் நானும் என் தம்பியும் தடுப்பூசிக்காகக் காத்திருந்தோம். சுற்றிலும் மடியில் குழந்தைகளோடு தாய்மார்கள். எங்கள் மடியில் யாரும் இல்லை. ஊசி எனக்குத்தான்.

அதற்கு முந்தின வருடம் எனக்கு ரத்தப் புற்றுநோய். அதை அழிக்கக் கொடுத்த மருந்து என் எலும்பு மஜ்ஜையையும் துடைத்துவிட்டது. பிறகு தம்பியின் செல்களை என் நரம்பில் ஏற்றினார்கள். அவை யாரிடமும் வழி கேட்காமல் எலும்புக்குள் போய்க் குடியேறின.

நம் ரத்தத்தில் சில செல்கள், ஒருமுறை உள்ளே வந்த கிருமியின் முகத்தை வருடக்கணக்கில் மறப்பதில்லையாம். அது மறுபடி தலைகாட்டினால், முதல் தடவை போலத் தடுமாறாமல், ஆள் சேர்த்துக்கொண்டு உடனே அதை அடிக்கக் கிளம்பிவிடுமாம். மூன்றாம் வகுப்பில் வந்த தட்டம்மை, அம்மா இடுப்பில் தூக்கிப்போய்ப் போட்டுவந்த ஊசிகள், எல்லாம் அங்கே பதிந்திருந்தன. எல்லாம் போயிற்று. எனக்கு என் வாழ்க்கை முழுக்க நினைவிருந்தது, என் ரத்தத்துக்கு ஒன்றும் நினைவில்லை. புதிய செல்களுக்கு அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தர வேண்டும். அதுவரை ஒரு சாதாரண சளி கூட நெஞ்சில் இறங்கி ஆளைக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காய்ச்சல் பிள்ளைகள் வராத நேரம் பார்த்துத்தான் எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

"இப்ப உனக்குள்ள ஓடுறது என் ரத்தம்க்கா. நீ கோவப்பட்டா எனக்குல்ல சூடாகுது," என்று தம்பி சீண்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்த இளம் தாய், "பாப எக்கட அக்கா?" என்று தெலுங்கில் விசாரித்தாள், குழந்தை எங்கே என்று. நான் முகக்கவசத்துக்குள் சிரித்து, "நேனே" என்றேன். நானேதான். அவள் விழித்தாள். தம்பி எல்லாவற்றையும் விளக்கினான்.

கேட்டு முடித்ததும் அவள் குழந்தையைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பழகிய காட்சிதான். என் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று லிஃப்டில் ஏறாமல் நின்றவர்கள் உண்டு. வீட்டுக்குப் போகலாம் என்றேன். "நக்கோ, வேணாம், உட்காருக்கா," என்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தாள். தன் பிள்ளைக்கு நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறதாம், அது எனக்கு வந்துவிடக் கூடாதாம். பிறகு உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, வகுப்பு டீச்சர் மாதிரி, வேறு யார் பிள்ளைக்குச் சளி என்று கேட்டாள். ஒருத்தி எழுந்தாள். இன்னொருத்தி எழுந்தாள். ஒன்றுமில்லாத குழந்தைகளின் தாய்மார்களும், எதற்கு வம்பு என்பதுபோல, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வெளியே மருந்துக்கடைத் தகரக் கூரையின் ஒரு முழ நிழலில், குழந்தைகளின் தலைமேல் முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துவிட்டு நெருங்கி நின்றார்கள். அந்தப் பெரிய பாப்பாவை முதலில் அனுப்புங்கள் என்று அவள் நர்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஊசி வலிக்கவில்லை. கண்தான் நிற்கவில்லை.

"கைக்கூ, எதுக்கு அழற? இங்க ஒரு பாப்பாவும் இன்னும் அழலியே," என்றான் தம்பி.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊசிகள். என் ரத்தம் கிருமிகளின் முகங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு வருகிறது. அந்த வெயிலில் நின்ற முகங்களை அதற்குச் சொல்லித்தர ஊசி ஏதும் இல்லை, அவற்றை நான்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன்.