அறுபத்து மூன்று அழைப்புகள்

என் மூத்த மருமகள் தொழில் நடத்துவது ஒரு சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே. பதினான்கு படிகள், ஏழாவது படியின் விளிம்பு மட்டும் உடைந்திருக்கும். மேலே இரண்டு அறைகள். முன்னறையில் அவளுடைய மேசை, இரண்டு கணினித் திரைகள், வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலிகள். பின்னறையில் கேமராக்களும் விளக்குகளும், ஒரு சுவர் முழுக்கப் பச்சைத் துணியும். கடைகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பார்கள், வீடியோ எடுத்துக் கொடுப்பார்கள். இணையதளம் அவள் பொறுப்பு. வீடியோ என் இளைய மகன் பொறுப்பு.

அவனை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உயரம் ஆறடி இரண்டு அங்குலம், உடம்பில் சதை கிடையாது. கேமராவுக்குப் பின்னால் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு நின்றான் என்றால் முக்கால் மணி நேரம் அசைய மாட்டான். முக்காலி என்று பெயர் வைத்தவள் அண்ணிதான்.

"எனக்கு ரெண்டு கால்தானே அண்ணி இருக்கு?" என்று அவன் கேட்டபோது, "மூணாவது நான். நான் நகர்ந்தா நீ விழுந்துடுவே" என்றாள்.

இந்தத் தொழிலுக்கு முன் அவள் எட்டு வருடம் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தாள். அச்சகம் மூடியபோது வயது முப்பத்தொன்று. வேறு வேலை தேடவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து இணையதளம் அமைக்கக் கற்றுக்கொண்டு, நேராக அந்த இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தாள்.

முதல் வாடிக்கையாளர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். முகப்பில் தங்கச் சாவி ஒன்று சுற்ற வேண்டும், கூடவே பாட்டு வர வேண்டும் என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க அவர் கடையில் போய் உட்கார்ந்தாள். பதினோரு பேர் போன் செய்தார்கள். பதினோரு பேரும் சாவியைத் தொலைத்துவிட்டுத் தங்கள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு பேசியவர்கள்.

"பூட்டின வீட்டு வாசல்ல நிக்கிறவங்க பாட்டா கேட்டுட்டு இருப்பாங்க?" என்றாள் அவரிடம்.

அவள் செய்து கொடுத்த தளத்தில் இருந்தது ஒரே பக்கம். அதில் ஒரு போன் எண், திரை அகலத்துக்கு. அதன் கீழே "இருபது நிமிடத்தில் வருகிறேன்" என்று ஒரு வரி. "இதுக்கு நான் சுவத்துலயே எழுதியிருப்பேனே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டு மாதத்தில் வேலைக்கு இன்னொரு ஆளை வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. யாருக்கு வேலை செய்தாலும் முதலில் அவர்கள் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வேண்டும், அதன் பிறகுதான் ஒரு கோடு போட வேண்டும். ஆறு வருடத்தில் நாற்பத்து மூன்று பேருக்கு அப்படித்தான் நடந்தது. நாற்பத்து நான்காவது கண் ஆஸ்பத்திரி. அங்கேதான் சட்டம் தவறியது.

ஆஸ்பத்திரி பெரியது, ஐந்து மாடி. இணையதளம், ஆறு வீடியோக்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு. இவர்களையும் வேறொரு பெரிய நிறுவனத்தையும் ஒரே வியாழக்கிழமை வந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். உட்கார அனுமதி கேட்டு அவள் எழுதிய கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. நாள் போய்க்கொண்டிருந்ததால் உட்காராமலேயே ஆரம்பித்துவிட்டாள்.

இதே சமயத்தில் முக்காலிக்கு ஒரு பயணிகள் கப்பலில் வீடியோ எடுக்கும் வேலை வந்தது. மூன்று வருட ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவனுக்கு வயது இருபத்தொன்பது. சோபாவையும் மெத்தையையும் படம் எடுத்து அலுத்துப் போயிருந்தான். அண்ணியிடம் மறைக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வேலை வந்தா இருக்கேன் அண்ணி. வரலைன்னா போறேன். தப்பா நினைக்காதீங்க."

"தப்பா எதுக்கு நினைக்கப் போறேன்? நீ கப்பல்ல வாந்தி எடுத்துட்டு நிக்கிறதை நினைச்சுச் சிரிப்பேன்."

சொன்னாளே தவிர, அவன் போனால் பின்னறையைப் பூட்ட வேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெரியும். கேமராவைப் பிடிக்க ஆள் கிடைக்கும். அவள் பாதி வாக்கியம் சொல்லும்போதே மீதியைப் படமாக எடுத்துவிடுகிற ஆள் கிடைக்க மாட்டான்.

இரண்டு வாரத்தில் தளம் தயாரானது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்துகள், நூல் போல மெல்லியவை. முகப்பில் ஒரு கண் எட்டு விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் திறக்கும். அவள் செய்தவற்றிலேயே அழகானது அதுதான். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியின் நிர்வாகி அம்மாள் போன் செய்தார். "உங்க லெட்டர் இப்பதான் கண்ணுல பட்டுது. இனிமே தேவைப்படுமா?"

தேவைப்படாது என்று சொல்லியிருக்கலாம். செவ்வாய் காலை எட்டு பத்துக்குப் போய் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

கூடத்தில் நூற்றிருபது நாற்காலிகள். பாதிப் பேருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கும், வெளிச்சம் கூசும்; புரை விழுந்த கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதும் சரியாகத் தெரியாது. சுவரில் டோக்கன் எண்ணைக் காட்டும் பலகை ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது ஐந்துக்குப் போன் அடித்தது. வரவேற்பில் இருந்த அக்கா எடுத்தார்.

"என் டோக்கன் வந்துடுச்சாம்மா?"

"உங்க நம்பர் என்னங்க?"

"நாப்பத்தாறு."

"இப்ப நாப்பத்திரெண்டுதான் போகுது. நீங்க எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா, தூண் பக்கத்துல. எதிர்ல சிவப்பா தெரியுதே, அது நீங்கதானே?"

"அது தீயணைக்கிற சிலிண்டருங்க. நான் அதுக்கு வலப்பக்கம் இருக்கேன்."

மாலை நான்கு நாற்பது வரை அறுபத்து மூன்று அழைப்புகள் வந்தன. ஆபரேஷனின்போது விழித்திருப்பேனா, கத்தி கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டவர்கள் பத்தொன்பது பேர். மருந்து விட்ட பிறகு தனியாக வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்று பதினாறு பேர். எந்த வாசலில் வர வேண்டும் என்று பன்னிரண்டு பேர். அந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்துகொண்டே போன் செய்தவர்கள் ஒன்பது பேர். மற்றவை ஏழு. டாக்டர்கள் எங்கே படித்தவர்கள், கட்டடம் எத்தனை மாடி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் தளத்தில் முதல் பக்கமே அதுதான்.

கிளம்புவதற்கு முன் தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்து பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் கொடுத்தாள். அவர் கையை நீட்டிப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"வெள்ளையா இருக்கு. இன்னும் வரலையாம்மா?"

ஐந்து பத்துக்குப் படியேறி வந்ததும் முக்காலியிடம் சொன்னாள்: "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்."

"எதை?"

"தளத்தை. உன் கண்ணையும் சேர்த்து."

"அண்ணி, அந்தக் கண்ணுக்கு நாலு நாள் உழைச்சிருக்கேன். நாளன்னிக்குக் காலையில பத்தரைக்குக் காட்டணும்."

"கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்குச் செஞ்சிருக்கோம். அவங்க யாரும் அங்க வரப் போறதில்ல."

என் மூத்த மகன் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர். இந்த விவகாரம் முழுவதிலும் அவன் பேசியது ஒரே வாக்கியம். அன்று சாப்பிடும்போது தம்பி முறையிட்டதற்குச் சொன்னது. "விடை தப்புன்னா, கையெழுத்து அழகா இருக்குன்னு மார்க் போட முடியாதுடா."

புதன்கிழமை ஒன்றரை மணிக்கு ஆபரேஷன் மேசை காலியாக இருக்கும், இருபத்தைந்து நிமிடம் தரலாம் என்றார் நிர்வாகி. முக்காலி வழக்கம்போல் சுவரோரமாகக் கேமராவை நிறுத்தப் போனான். அவள் தடுத்தாள்.

"அங்க இல்ல. தலை வைக்கிற இடத்துல வை. மேல பார்த்து."

"மேல விளக்கைத் தவிர ஒண்ணுமே இல்லையே."

"படுத்திருக்கிறவங்களுக்கு அது மட்டும்தானே தெரியும்? பத்தொன்பது பேர் அதைத்தான் கேட்டாங்க."

அவன் கேமராவைக் கீழே வைத்தான். பிறகு தானே மேசையில் ஏறிப் படுத்தான். கால் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி, தலை இருந்த இடத்தில் கேமராவை மல்லாக்க வைத்தான். ஐம்பது விநாடி வீடியோ ஒன்று கிடைத்தது. மங்கலான வெள்ளை வெளிச்சம், அது மெல்லக் கரைந்து விரிகிறது, கையோ கத்தியோ தெரியவில்லை. கடைசியில் நர்ஸின் குரல்: "அவ்வளவுதாங்க, முடிஞ்சுடுச்சு."

மாலைக்குள் தளத்தையும் மாற்றிவிட்டாள். வெளிர் மஞ்சளில் கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பு எழுத்துகள், அதிகம் பேர் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் நான்கே நான்கு பொத்தான்கள். தொட்டால் வாய்விட்டுப் படிக்கும். அதன் பிறகு முக்காலியை ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடைக்கு அனுப்பி, பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடிகள் ஏழு வாங்கிவரச் சொன்னாள். படம் மங்கலாகத் தெரிய வேண்டும் என்றால் லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகட்டில் வாஸ்லின் தடவிப் படம் எடுப்பது கேமராக்காரர்களின் பழைய வித்தை. ஏழு கண்ணாடிகளிலும் அவன் விரலால் மெல்லத் தடவினான்.

வியாழக்கிழமை பெரிய நிறுவனத்தார் முதலில் காட்டினார்கள். நான்கு பேர், ஒரே நிறக் கோட்டு. ட்ரோன் பறந்து ஆஸ்பத்திரியின் மேலிருந்து எடுத்த வீடியோ. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள் மிகத் தெளிவாக இருந்தன என்று முக்காலி பிறகு சொன்னான்.

அடுத்து இவள் எழுந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏழு பேருக்கும் கண்ணாடியைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். பிறகு திரையில் காட்டியது மற்றவர்கள் வேலையை அல்ல, தான் தூக்கிப் போட்ட தளத்தை.

"ஒண்ணும் தெரியலையே" என்றார் நிர்வாகி.

"இது நான் செஞ்சதுங்க. ரெண்டு வாரம் ஆச்சு. இங்க ஒரு நாள் உக்காந்த பிறகுதான் தப்புன்னு தெரிஞ்சுது." புதிய தளத்தைத் திறந்தாள். ஏழு பேரும் கண்ணாடியைக் கழற்றாமலேயே படித்தார்கள். நிர்வாகி கண்ணாடியோடு எழுந்து போய்க் கதவைத் திறந்து கூடத்தை எட்டிப் பார்த்தார். "அட, நம்ம டோக்கன் போர்டும் தெரியல."

கடைசியாக அந்த ஐம்பது விநாடி. முடிந்ததும் பெரிய டாக்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது தப்பு."

அவர் திரையைக் கை காட்டினார்.

"போன வருஷம் எனக்கே கண் ஆபரேஷன் ஆச்சும்மா. வெளிச்சம் இப்படி வெள்ளையா இருக்காது. ரோஸ் கலந்திருக்கும், ஓரத்துல நீலம் வரும். வெள்ளையா இருக்கும்னு நம்பி வந்து படுத்தவங்க, ரோஸைப் பார்த்ததும் ரத்தம்னு பயந்துடுவாங்க."

"சொன்னது நல்லதாப் போச்சு டாக்டர். சனிக்கிழமை சரிபண்ணிக் கொண்டுவரேன்" என்றாள் மருமகள்.

"முடிவு திங்கட்கிழமைதான் சொல்லுவோம்" என்றார் நிர்வாகி.

"பரவாயில்லைங்க. இது சனிக்கிழமை வந்துடும்."

வெள்ளிக்கிழமை காலை முக்காலி ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்க வந்தவர்கள் ஐந்து பேரிடம் பேசிவிட்டு வந்தான். பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நாலே முக்காலுக்கு அவள் கதவைத் திறந்தபோது, விளக்கில் ரோஸ் காகிதமும் நீலக் காகிதமும் ஒட்டிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்திருந்தான்.

"மணியாச்சு. கப்பலுக்குப் பதில் போட்டியா?"

"போட்டேன்."

"என்னன்னு?"

"வரலைன்னு. இங்க ஒருத்தர் நடுவுல ஊதாங்கறார், ஒரு அம்மா மூணு விளக்குங்கறாங்க. இதை இப்படியே விட்டுட்டு எங்க போறது?"

அவள் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "வேலை நமக்குத்தான்னு இன்னும் யாரும் சொல்லலையேடா."

"நீங்க கேட்டீங்களா? நேத்து வெளியில வரும்போது கிடைக்குமான்னு ஒரு வார்த்தை கேக்கல. சனிக்கிழமை கொண்டுவரேன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு நடந்துட்டீங்க. நீங்களே கவலைப்படல, நான் எதுக்குப் படணும்?"

அவள் விளக்கை அண்ணாந்து பார்த்தாள். "ஊதா கொஞ்சம் ஜாஸ்தி. குறை" என்றாள்.

சனிக்கிழமை பெரிய டாக்டர் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஆமா, இதுதான்" என்றார். திங்கள் பதினொன்று இருபதுக்கு நிர்வாகியிடமிருந்து போன் வந்தது. எடுத்தவுடன் அவர் கேட்டது: "அந்த டோக்கன் போர்டையும் நீங்களே மாத்திக் கொடுத்துடுவீங்களா? தனியா ஒப்பந்தம் போடறதா, இதுலயே சேர்த்துடறதா?"

"இதுலயே சேர்த்துடுங்க" என்றாள், எதிரில் நின்றவனைப் பார்த்துக்கொண்டே. அவன் இரண்டு காலையும் மடக்கிப் படக்கென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

தளம் திறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் மறுபடியும் அதே மேசைக்குப் பின்னால் எட்டு பத்திலிருந்து நான்கு நாற்பது வரை உட்கார்ந்தாள். அழைப்புகள் இருபத்தெட்டு. கத்தி தெரியுமா என்று கேட்டவர்கள் இரண்டு பேர். கூடத்துக்குள்ளிருந்து வந்த அழைப்பு ஒன்றே ஒன்று. பகல் ஒன்று ஐந்துக்கு. வரவேற்பு அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளிடம் நீட்டினார்.

"அண்ணி, தூண் பக்கத்துல இருக்கேன். பசிக்குது. எழுந்து வரீங்களா, இல்ல நானும் டோக்கன் போடணுமா?"