மண்வெட்டி பிடித்தால் நலங்குப் பாட்டு

ஜப்பான்காரன் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் செய்த ஒரே உபகாரம், இவனுக்கெல்லாம் எங்கே கல்யாணம் ஆகப்போகிறது என்று விட்டுவிட்ட ஆண்களுக்கும் பெண் கிடைக்கச் செய்ததுதான். வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, பெற்றவர்கள் அகப்பட்டவனுக்குக் கட்டிவைத்தார்கள். மலாயாவில் பீடோங்கைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அரிசி இல்லை, மேளம் இல்லை, புதுப் புடவை இல்லை. நலங்குப் பாட்டு மட்டும் வேண்டும். அதற்கு நான் வேண்டும்.

நலங்கில் சம்பந்திகளைக் கேலி செய்து அங்கேயே பாட்டுக் கட்டுவது எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. வாய் நீண்டவள் என்று பெயர் எடுத்தவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதையான வேலை அது.

"சம்பந்தியம்மா கட்டியிருக்கும் சீலை என்ன சீலையோ,
சக்கரை வந்த சாக்கை வெட்டித் தைச்ச நல்ல சீலையோ"

என்று பாடினால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தவர்கள் கட்டியிருந்ததும் சாக்குத்தான்.

பாட்டுக்கு நான் காசு வாங்கியதில்லை. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை வாங்கினால் அடுப்பு மூட்டத்தான் ஆகும். ஆனால் சும்மா கிடைக்கிறது என்று தெரிந்தால் நம் ஜனங்களுக்குக் கண்மண் தெரியாது. பாட்டுக் கேட்டு வருகிறவர்கள் என்னிடம் வரமாட்டார்கள். நேராக என் மாமியாரிடம் போவார்கள். அவர் ரெண்டு வெற்றிலையை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "அதுக்கென்ன, என் மருமக வருவா. சும்மாதானே இருக்கா" என்று என்னைத் தாரை வார்த்துவிடுவார்.

நான் சும்மா இருந்த அழகைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டுவதும் நின்றுபோனது. காட்டை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில் நான் மரவள்ளி போட்டிருந்தேன். நான், என் பெண், மாமியார், மூன்று பேர் வயிற்றுக்கும் அதுதான்.

அப்போது திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணம். "ஒரே ஒரு பாட்டுதான் லா" என்று கூட்டிப்போனார்கள். பாடினேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து, தன் மீசையைப் பற்றி ஒன்று பாடச் சொன்னார். பாடினேன். மீசை சின்னதாக இருப்பதுபோல வருகிறது, மாற்று என்றார். மாற்றினேன். அதற்குள் ஓர் அத்தை, தன்னைக் கேலி செய்யவில்லை, தன்னை யாரும் மதிப்பதில்லை என்று மூக்கைச் சிந்தினாள். அன்று பகலில் நான் வேலி கட்டியிருக்க வேண்டும். மறுநாள் திரும்பி வந்து பார்த்தால், காட்டுப்பன்றிகள் என் கொல்லையில் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தன.

மாமியார் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "பன்னிங்களுக்கும் நீதான் நலங்கு பாடுனியா?"

"வெத்திலை வாங்குனது நீங்கதானே அத்தை? அதையே அவிச்சுத் தின்னுவோம்."

மிஞ்சிய குச்சிகளை நட்டேன். இதையும் பன்றி தின்றால் பட்டினிதான். லயத்து வீடுகளில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பாட்டு எப்பவும்போல சும்மாதான். ஆனா வேணுங்கிறவங்க என் கொல்லைக்கு வரணும். நான் பாட்டுக் கட்டி முடிக்கிறவரைக்கும் நீங்க மண்ணைக் கொத்தணும், வேலி கட்டணும். நீங்க கையை நிறுத்தினா நான் வாயை நிறுத்துவேன். கட்டினதை மாத்தமாட்டேன்."

கரித்துக் கொட்டினார்கள். பிறகு வந்தார்கள். எல்லோரும் திடீரென்று சின்னச் சின்னப் பாட்டாகக் கேட்கத் தொடங்கியதுதான் வேடிக்கை.

அப்புறம் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி வந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தில் கிராணி வைத்ததுதான் சட்டம். எங்களுக்கு அரிசி அளப்பதும் அவர்தான். கல்யாணம் ஆகாதவர்களைத்தான் முதலில் சயாமுக்குப் பிடிப்பார்கள் என்று பயந்து மகனுக்கு அவசரமாகப் பெண் பார்த்திருந்தார்கள்.

"எங்க வீட்டுல பாடினா உன் பேரு செர்டாங் வரைக்கும் போகும்" என்றார் கிராணியம்மா.

"போன பேரு வரும்போது கிழங்கு வாங்கிட்டு வருமாங்கம்மா?"

மாமியார் பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினார். "அரிசி அளக்கிற வீடுடி!" வலித்தது. ஆனாலும் மண்வெட்டியை எடுத்து நீட்டினேன். அம்மா வளையல் குலுங்கத் திரும்பிப் போய்விட்டார். இனி அரிசிப் படி குறையும் என்று மாமியார் சாபமிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆனால் பெண் வீட்டார் ஒரு வாயாடியைக் கூட்டி வருவதாகச் சேதி வந்தது. அவள் கேலி செய்யச் செய்ய, திருப்பிப் பாட ஆளில்லாமல் மாப்பிள்ளையின் அம்மா வாயடைத்து உட்கார்ந்திருந்தால், அந்த அவமானம் பேரப்பிள்ளை காலம்வரை பேசப்படும். மறுநாள் காலையில் அம்மா கொல்லையில் நின்றார். வளையல் கழற்றப்பட்டிருந்தது.

"இன்னுமா பாட்டு முடியல?"

"வேலி அந்த மூலைக்கு வரலையேம்மா. பாட்டு மட்டும் எப்படி வரும்?"

நலங்கில் அந்த வாயாடி கெட்டிக்காரிதான். கிராணி வீட்டம்மாவின் கை பஞ்சுக் கை, துரும்பைக்கூட நகர்த்தாத கை என்று இழுத்துப் பாடினாள். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் எடுத்தேன்:

"கிராணியம்மா உள்ளங்கை எப்படி இப்படிச் செவந்தது?
மருதாணி வச்சதில்ல, மண்வெட்டி வச்சுச் செவந்தது!"

அம்மா சட்டென்று கையை முந்தானைக்குள் மறைத்தார். சனம் கைதட்டியதும் மெல்ல வெளியே எடுத்து, கொப்புளத்தை எல்லோருக்கும் காட்டினார். வாயாடி அதற்குமேல் அதைப் பாடவில்லை.

அரிசிப் படி குறையவில்லை. பன்றியும் வரவில்லை. கிழங்கு பிடுங்கிய அன்று அம்மா தற்செயலாக வருவதுபோல வந்து, "இது நான் கட்டின மூலைதானே?" என்றார். ரெண்டு பெரிய கிழங்காகப் பார்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, பேரன் பிறந்தால் தொட்டிலுக்கும் ஒரு பாட்டு வேண்டும் என்றார்.

மண்வெட்டி எங்கே சாத்தியிருக்கிறது என்று அவருக்கே தெரியும் என்றேன்.