சுவிட்ச் இல்லாத விளக்கு

கலேவெல ஊருக்குப் பக்கத்துக் குளம் ஒன்றில், இரவில் மீன் குத்த, முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறோம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட எனக்கு வீட்டில் இடம் கொடுத்த நிஸார் நானா, பழைய குடைக்கம்பிகளைக் கூராக்கி மூங்கிலில் கட்டிய ஈட்டியைப் பிடித்திருக்கிறார். அவர் செய்த விளக்கு என் கையில். பிளாஸ்டிக் குழாய்க்குள் பல்பு, என் முதுகுப் பையில் மோட்டார் சைக்கிள் பேட்டரி. இவ்வளவு யோசித்த மனிதர் சுவிட்ச் மட்டும் வைக்கவில்லை. கரையில் வயரை முறுக்கித்தான் எரியவைத்தார். சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சேற்றோரம் ஒரு விரால் அசையாமல் கிடக்கிறது. நானா ஈட்டியை ஓங்குகிறார். அதைத் தாண்டி, தாமரை இலைகளுக்கு நடுவே, சிவப்பாக இரண்டு கண்கள் எரிகின்றன.

"முதல," நானா கிசுகிசுக்கிறார். "வெளிச்சத்த கண்ணுலயே வைங்க தம்பி. கண்ணு கூசிட்டு இருக்கிற வரைக்கும் அது அசையாது. திரும்பாம பின்பக்கமா நடங்க."

வெளிச்சத்தை அந்தக் கண்களிலேயே வைத்து ஓரோர் அடியாகப் பின்வாங்குகிறேன். இருட்டில் ஒளிந்துகொண்டால் போதும் போலிருக்கிறது. ஒருவழியாகக் குதிகால் கரையில் முட்டுகிறது.

அப்போதுதான் கவனிக்கிறேன். என் கட்டைவிரல் குழாயைத் தடவித் தடவிச் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கிறது.

நானாவும் அந்த விரலைப் பார்க்கிறார்.

"எல்லாரும் தேடுவாங்க தம்பி. அதனாலதான் வைக்கல்ல."