கோணலாய்க் குத்திய மூன்று ஊக்குகள்

புதுத் துணியைக் கிழிப்பதற்குச் சம்பளம் என்றால் யார் நம்புவார்கள்? அந்த ஆயத்த ஆடைக் கம்பெனியின் மூன்றாம் மாடியில், எல்லோரும் ஊக்கு அக்கா என்று கூப்பிடும் ஐம்பது வயதுக்காரி பதினோரு வருடமாக அதைத்தான் செய்தாள். நேற்றுத் தைத்த ஜாக்கெட்டை உப்புத்தாளால் தேய்த்து, பிளேடால் கீறி, பத்து வருடம் தெருவில் உருண்டதுபோல் ஆக்க வேண்டும். அன்றைக்குக் கிழிசலைப் பார்த்து மூக்கைப் பிடித்தவர்களின் பிள்ளைகள்தான் இன்றைக்கு வரிசையில் நின்று வாங்குகிறார்கள். காலக்கொடுமை!

அந்தப் பெயர் அவளுக்கு இருபது வயதில் வந்தது. அவளும் புருஷனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் காது கிழியக் கிட்டார் அடித்த காலம். முடியைச் சிலுப்பி நிறுத்தியதால் புருஷனுக்கு முள்ளு என்று பெயர். புதிது வாங்க வக்கில்லை. எது கிழிந்தாலும் இவள் ஊக்கு குத்திவிடுவாள். அந்தக் கோலத்துக்கும் பாட்டுக்கும் வெளிநாட்டில் பங்க் என்று ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரே காறித் துப்பியது. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு சனிக்கிழமை பகலில், பேருந்து நிறுத்தத்தில், ஆறு பேர் சைக்கிள் செயினோடு வந்தார்கள்.

"மனுஷன் மாதிரி உடுத்தத் தெரியாதாடா?" என்று கேட்டுக்கொண்டே முள்ளுவின் தாடையை உடைத்தார்கள். இவள் தலையைக் கம்பத்தில் மோதினார்கள். இவள் ஒருவனின் காதைக் கடித்துத் துப்பினாள். அதற்குள் இன்னொருவன் முள்ளுவின் இடது விலாவில் கத்தியை இறக்கிவிட்டு ஓடிவிட்டான்.

ரத்தம் குபுகுபுவென்று வந்தது. ஓட்டை என்றால் ஊக்கு போட்டே பழகிய கை. பதறிப்போய் ஜாக்கெட்டின் கிழிசலை இழுத்துச் சேர்த்து மூன்று ஊக்குகளைக் குத்தினாள். துணி மூடிக்கொண்டது, சதை திறந்தே கிடந்தது. காயத்தை அழுத்திப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஊக்குகளைக் கழற்றியதும் இல்லை.

போன வாரம் குளிருக்கு முள்ளுவின் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்து, ஆணியில் மாட்டிவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். புத்தி கெட்டுத்தான் போயிற்று. மத்தியானம் பார்த்தால் ஆணி காலி.

"டிசைனர் எடுத்துட்டுப் போனாரு. தையலைப் பிரிச்சு அளவு எடுக்கணுமாம்" என்றான் சூப்பர்வைசர்.

மூச்சிரைக்க ஓடினாள். டிசைனரின் மேசையில் ஜாக்கெட்டின் கைகள் இரண்டும் தனியாகக் கிடந்தன. மூன்று ஊக்குகளும் ஒரு தட்டில். அவன் கறையின் மேல் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா! இந்த ஊக்கு குத்தியிருந்த கோணல் என்ன அழகு! நாலாயிரம் பீஸ்லயும் இதே மாதிரி குத்தணும். இந்தக் கறையைக்கூட சாயத்துல கொண்டு வந்துடலாம்."

பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்து அவன் கையை மேசையோடு சேர்த்துக் குத்தினாள். அவன் அலறினான். மூன்று பேர் பாய்ந்து அவளைத் தரையில் சாய்த்து முதுகில் முட்டியை ஊன்றினார்கள். உதடு கிழிந்தது. அவள் செய்தது தப்புதான். நான் அங்கே இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்றால், சத்தியமாகத் தெரியாது.

"அது என் புருஷன் ரத்தம்டா!" என்று தரையிலிருந்து கத்தினாள். "நான் குத்தின ஊக்குடா! துணியை மூடிட்டு அவனைச் சாக விட்டேன்டா!"

"ஐயோ, முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா..." கத்தரியைப் பிடுங்கிவிட்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிசைனர் அழுதான்.

"சொல்லியிருந்தா அதையும் ஒரு சீட்டுல அச்சடிச்சு, காலர்ல தொங்கவிட்டு வித்திருப்பீங்க."

அவ்வளவு வலியிலும் அவன் கண் ஒருதரம் ஜாக்கெட்டின் காலருக்குப் போய் வந்தது.