குழந்தைகள் தூங்கும் நேரத்தில் கிரஷ்ஷில் வேலை இல்லை

குழந்தைகள் தூங்கிவிட்டால் அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு வேலை இல்லை என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதிய மேதாவி நான்தான். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே சீலும் குத்தினேன். வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. நம் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தபோது நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். இதே டெல்லியில், இதே கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில்தான் இருந்தேன்.

ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் நான் செக்‌ஷன் ஆபீசர். எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் தேவை என்று அளந்து சொல்வது என் வேலை. வொர்க் ஸ்டடி என்போம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்போது ஃபைல் புரட்டுகிறார், எப்போது டீ குடிக்கிறார் என்று குறித்துக்கொள்வேன். அதனால் நான் போனால் எந்தப் பிரிவிலும் டீ வராது. எனக்கும் சேர்த்துத்தான்.

ஸ்கூட்டர் ஸ்டாண்டை ஒட்டி எங்கள் அலுவலகத்தின் கிரஷ் இருந்தது. ஊழியர்களின் குழந்தைகளுக்கானது, விதிப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை. பாளையங்கோட்டைக்காரர் ஜெசிந்தா அதை நடத்தினார். உதவிக்கு இருந்த பெண் விலகியபின் அவர் தனி ஆள். இன்னொருவர் இல்லாமல் கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அப்போது இருந்த ஒரே கைக்குழந்தை பப்லு. அவன் அம்மா சுனிதா ஒப்பந்தத்தில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். பப்லுவுக்கு இடமில்லை என்றால் அவளும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த நாற்காலிக்கு வேறு ஆள் வந்துவிடும்.

டைரக்டர் மேடம் என்னை அளந்து வரச் சொன்னார். கிரஷ்ஷில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் குட்டி நாற்காலி ஒன்றில் என்னைத் திணித்துக்கொண்டேன். எழுந்தபோது அதுவும் கூடவே எழுந்தது. பிள்ளைகள் சிரித்து முடித்து, சாப்பிட்டு, வரிசையாகத் தூங்கினார்கள். ஜெசிந்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"என்ன சார் எழுதுதீங்க?"

உண்மையைச் சொன்னேன். அது இரண்டாவது முட்டாள்தனம். அவர் கோபப்படவில்லை.

"அப்படியா சார்? அப்ப நாளைக்கு இந்நேரம் நீங்க இங்கன இருங்க. நான் வராண்டாவுல உக்காந்து நிம்மதியா சோறு திங்கேன். கூப்பிட்டா வந்துருதேன். வேலைதான் ஒண்ணுமில்லயே."

அச்சா, அதற்கென்ன என்று பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேன். ரிப்போர்ட்டையும் அன்றே மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் முதல் பத்து நிமிடம் நான் எழுதியதுதான் சரி என்று இருந்தது. பிறகு பப்லு சிணுங்கினான். ஒருவன் அழுதால் அறையே அழும் என்பதால் சட்டென்று தூக்கினேன். அவன் என் அடையாள அட்டையை வாயில் வைத்துக்கொண்டு தோளில் தூங்கிப்போனான். உட்காரலாம் என்று முழங்காலை மடக்கினால் ஒரு கண்ணைத் திறந்தான். நிமிர்ந்தால் மூடினான். அதற்குள் ஒரு சிறுமி எழுந்து வந்து, "அங்கிள், சூசூ" என்றாள். தோளில் ஒன்று, சுண்டுவிரலைப் பிடித்து ஒன்று என்று டாய்லெட்டுக்குப் போய்த் திரும்பினால், இன்னொருவன் பக்கத்தில் படுத்திருந்தவன் காதில் கிரேயான் செருகிக்கொண்டிருந்தான். கிரேயானைப் பிடுங்கினேன். ஜெசிந்தாவைக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் பப்லு எழுந்துவிடுவான். கொஞ்சம் மானமும் தடுத்தது.

மீட்டிங்குக்கு என்னைத் தேடி அலுத்த டைரக்டரே கதவைத் திறந்தார். "மிஸ்டர்..." என்று ஆரம்பித்தார்.

"ஷ்ஷ்" என்றேன்.

முப்பது வருஷ சர்வீஸில் எந்த மேலதிகாரியையும் நான் அப்படி அடக்கியதில்லை. அவரும் அடங்கிவிட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஏன் நிற்கிறீர்கள், உட்காரக் கூடாதா என்று ஹிந்தியில் கிசுகிசுத்தார். உட்கார்ந்தால் இவன் எழுந்துவிடுவான் மேடம் என்று கிசுகிசுத்தேன். பப்லுவையும் ஜொள்ளில் நனைந்த என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் ரிப்போர்ட்டில் வேலையில்லாத நேரம் என்று ஒன்று இருந்ததே, அது இதுதானா என்று கேட்டார்.

அன்று மாலையே அந்த வரியை அடித்துத் திருத்தினேன். குழந்தைகள் தூங்கும்போது அங்கே என்ன வேலை என்று நிதிப் பிரிவு அதிகாரி கேட்டபோது, மதியம் வந்து பப்லுவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பாருங்கள் என்று அழைத்தேன். அவர் வரவில்லை, ஒப்புதல் வந்தது. முழு போஸ்ட் இல்லை, அரை நாள் உதவியாளர்தான். பப்லு இருந்தான், சுனிதாவும் இருந்தாள்.

இப்போது இந்த வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். சில வேலைகளில் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அளக்கும் முன் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற அன்று கழுத்தில் மாலையோடு கிரஷ்ஷுக்குப் போனேன். "நாளையிலேர்ந்து வீட்ல சும்மாதாம்மா இருக்கப்போறேன். மத்தியானத்துல இங்க வந்து இருந்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

ஜெசிந்தா பால் ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ஆறு வயசுக்கு மேல அட்மிஷன் இல்ல சார்."