எனது கவனக்குறைவால்

மடிப்பு அக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர் கிடையாது. சலவைப் பிரிவில் பதினாறு வருஷம். அவள் மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளில் ஓர் ஓரம்கூட வெளியே நீட்டாது. "ஸ்கேல் வெச்சு மடிக்கிறீங்களாக்கா?" என்று நர்சுகள் கேலி செய்து செய்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. துணியெல்லாம் மடியும், அண்ணியோட வாய் மட்டும் மடியாது என்பாள் அவளுடைய நாத்தனார். அதிலும் பொய் இல்லை.

அப்படிப்பட்டவள் எட்டு மாதம் தன் நேரத்தை நொந்துகொண்டு வீட்டில் வாயடைத்துக் கிடந்தாள். ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் ரோலர் அவளுடைய வலது கையை இழுத்துக்கொண்டது. ஈரத் துணியை உலர்த்தித் தேய்த்துத் தருகிற பெரிய இயந்திரம் அது. இரண்டு பேர் முன்னால் நின்று விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொதிக்கிற உருளை உள்ளே வாங்கிக்கொள்ளும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் போதும், இயந்திரம் சட்டென்று நின்றுவிடும். அன்றைக்கு அந்தக் கம்பி அங்கே இல்லை. விரிப்பின் தடித்த தையல் பட்டாலும் நின்று தொலைக்கிறது, வேலை ஓடவில்லை என்று ஒரு மாதம் முன்பே அதைக் கழற்றி எறியச் சொல்லியிருந்தார் மேற்பார்வையாளர். கேட்டவர்களிடம் "பார்த்து வேலை செய்யுங்க" என்றாராம். பார்த்துச் செய்வதாம், பெரிய பார்த்து! ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு போகிற இடத்தில் யார் தன் விரலை எண்ணிக்கொண்டு நிற்பது?

மோதிர விரலும் சுண்டுவிரலும் போய்விட்டன. மீதி மூன்றும் இருக்கின்றன, ஆனால் மடங்குவதில்லை. வார்டு ஒன்றில் இருபத்திரண்டு நாள், அதன்பின் வீடு.

இதையெல்லாம் வைத்து அவளை நன்றி கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நன்றி சொல்ல அவளிடம் ஆட்கள் நிறையவே இருந்தார்கள். மெயின் சுவிட்சை ஓடிப்போய் அணைத்த, துணிமூட்டை ஏற்றிவரும் தள்ளுவண்டி அண்ணன் இல்லையென்றால் முழங்கை வரைக்கும் போயிருக்கும். வார்டில் ஒரு குண்டு நர்ஸ், தன் டியூட்டி முடிந்தபிறகும் உட்கார்ந்து ஊட்டிவிட்டுப் போனாள். நாத்தனாரைச் சொல்லவே வேண்டாம். அண்ணியின் வேலையை எடுத்துக்கொண்டு அதே ரோலர் முன்னால் போய் நின்றாள். தினமும் கிளம்புமுன் அண்ணிக்குத் தலை வாரிவிட்டாள். வெடுக் வெடுக்கென்று இழுத்து, சண்டை போட்டுக்கொண்டேதான் வாருவாள். ஆனாலும் ஒரு நாள்கூட வாராமல் போனதில்லை.

டிசம்பர் மாதம் மடிப்பு அக்கா இடது கையால் ஒரு போர்வையை மடித்தாள். நாலு மாதமாகப் பழகியது. வீட்டிலிருந்த துணியையெல்லாம் கலைத்துக் கலைத்து மடித்ததில் அவள் கணவனுக்குச் சட்டை தேடுவதே பிழைப்பாகிப் போயிருந்தது. அன்றைக்குப் போர்வையின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தன. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். மடிப்பு மேசையில் வேலை தருகிறோம், புது வருஷத்திலிருந்து வா என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். இனிமேல் எல்லாம் நல்லதாகத்தான் நடக்கும் என்று மனசார நம்பினாள்.

அந்த வாரமே விளம்பரப் பிரிவுப் பெண் போன் செய்தாள். ஜனவரி ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குப் பெரிய அரங்கில் விழாவாம். கஷ்டமான வருஷத்தைத் தாண்டி வந்திருக்கிறோம், நன்றியோடும் நம்பிக்கையோடும் புத்தாண்டை வரவேற்கிறோம், நீங்கள் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்றாள். மடிப்பு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னங்க, என்னைப் பேசக் கூப்பிடுறாங்க! மேடையில!"

"ரெண்டு நிமிஷத்துல உன்னால நிறுத்த முடியாதேன்னு சொன்னியா?" என்றான் கணவன்.

யார் யாருக்கு நன்றி சொல்வது என்று அவள் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தாள். டிசம்பர் முப்பதாம் தேதி மாலை நாத்தனார் வேலையிலிருந்து வந்து ஒரு தாளை நீட்டினாள். பேச வேண்டியதை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். மடிப்பு அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சத்தமாகப் படித்தாள். "சலவைப் பிரிவில் பணியாற்றும் நான், எனது கவனக்குறைவால் விபத்துக்குள்ளானபோது, எனக்கு மறுவாழ்வு அளித்த நிர்வாகத்திற்குச் சிரம் தாழ்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

இன்னொரு தடவை படித்தாள். இந்தத் தடவை சத்தம் வரவில்லை.

"என்னோட கவனக்குறைவா? கம்பியைக் கழட்டினவன் கவனமா இருந்தானாம், கையைக் கொடுத்தவ கவனமா இல்லையாம்! ரெண்டு விரலையும் கொடுத்துட்டு மன்னிப்பும் நானே கேக்கணுமா?"

"படிச்சுட்டு இறங்கிடேன்," என்றான் கணவன். "வேலை இப்பதான் திரும்பக் கிடைச்சிருக்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்காதே."

"நீங்க சும்மா இருங்க. ஏன்டி, நீ சொல்லு. கம்பி மாட்டி எவ்வளவு நாளாச்சு? ஒருத்தி கை போனப்புறம் மாட்டினாங்கல்ல, அப்பவே யார் தப்புன்னு தெரியலையா?"

நாத்தனார் கையிலிருந்த பையைக் கீழே வைத்து, அதைத் திரும்ப எடுத்து, ஆணியில் மாட்டினாள்.

"ஏய், உன்னைத்தான் கேக்குறேன்."

"இன்னும் மாட்டலை, அண்ணி."

"அடிப்பாவி!"

எட்டு மாதமாகக் கம்பி இல்லாத ரோலரில்தான் அவளும் கை வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அண்ணி வேலைக்கு விட மாட்டாள், இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பு எரியாது என்று மறைத்திருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் "ஆகட்டும், பார்க்கலாம்" என்றே மேற்பார்வையாளர் சொல்லி வந்ததில் அவருக்கு ‘ஆகட்டும் சார்’ என்று பெயர் விழுந்ததுதான் மிச்சம். போகிற போக்கில் நாத்தனார் இன்னொன்றும் சொன்னாள். மெயின் சுவிட்சை அணைத்ததற்காகத் தள்ளுவண்டி அண்ணனுக்கு மெமோ கொடுத்தார்களாம். அனுமதியில்லாமல் நிறுத்தியதால் ஆபரேஷன் தியேட்டருக்குத் துணி தாமதமாகிவிட்டதாம். அவரைக் குப்பைக் கிடங்குக்கு மாற்றி ஏழு மாதம் ஆகிறது.

தன் கை போனபோதுகூட மடிப்பு அக்காவுக்கு இப்படிக் கோபம் வரவில்லை. வலியில் கிடந்தவளுக்குக் கோபப்பட எங்கே நேரம்? எதிரில் நாத்தனாரின் இரண்டு கைகளும் முழுசாக இருந்தன. படபடவென்று எதையும் அவசரமாகச் செய்கிற கைகள். அந்தக் கைகளை இன்னொரு ஷிப்டுக்கு அனுப்பக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் நாத்தனாருக்கு விடுமுறை. ஜனவரி ஒன்றாம் தேதி விழா முடிந்ததும் பன்னிரண்டு மணிக்கு ரோலர் ஓட வேண்டும்.

அரங்கில் பலூன் கட்டியிருந்தார்கள். மேடையில் ஒரு பெரிய கேக். முன்வரிசையில் டாக்டர்கள், அப்புறம் நர்சுகள், கடைசியில் சலவையும் சமையலும் துப்புரவும். பெரிய டாக்டர் பேசினார். வருஷம் எவ்வளவு கடினமாக இருந்தது, எப்படி ஒரு குடும்பம்போலத் தாங்கிக்கொண்டோம் என்று உருக்கமாகவே பேசினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ரோலர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, அதுதான் வினை.

பிறகு மடிப்பு அக்காவைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. மைக் முன்னால் போய் நின்றாள். தாளைப் பிரித்தாள், மூடினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். புத்தாண்டு வாழ்த்துகள். நான் நன்றி சொல்லத்தான் வந்தேன், சத்தியமா. வார்டு நர்சம்மாவுக்கு நன்றி. என் நாத்தனாருக்கு நன்றி, தலையைப் பிச்சு எடுத்தாலும்." சிரித்தார்கள். "தள்ளுவண்டி அண்ணன் எங்கே? இருக்கீங்களா?"

கடைசிச் சுவரோரம் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். குப்பைக் கிடங்கிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"அவர்தான் என் உயிரைக் காப்பாத்தினவரு. அதுக்கு அவருக்கு மெமோ கொடுத்திருக்கீங்க. மெஷினை நிறுத்தினாராம்! என் கை உள்ளே இருந்துதுங்க. அனுமதி வாங்கிட்டு வர்ற வரைக்கும் என்னை அங்கேயே நிக்கச் சொல்றீங்களா?"

சிரிப்பு நின்றுபோனது. விளம்பரப் பிரிவுப் பெண் தாளைப் படிக்கும்படி சைகை காட்டினாள். இரண்டாவது சைகைக்கு மடிப்பு அக்கா பதிலே சொல்லிவிட்டாள்.

"இல்லம்மா, அதை நான் படிக்க மாட்டேன். என் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. தடுப்புக் கம்பி இல்லாத மெஷின்ல நான் பதினாறு வருஷம் வேலை செய்யலை, ஒரு மாசம்தான் செஞ்சேன். அந்த மாசம்தான் கை போச்சு. கம்பி இன்னைக்கு வரைக்கும் மாட்டலை. பன்னிரண்டு மணிக்கு என் நாத்தனார் அதுல கை வைக்கப் போறா."

பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "இது உடனடியா கவனிக்கப்படும்மா. இந்த வாரத்துக்குள்ள."

"இந்த வாரமெல்லாம் வேணாங்க. அவ கை இன்னைக்கு உள்ளே போகுது."

அவர் மேற்பார்வையாளரைத் தேடினார். ஆகட்டும் சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "புதுக் கம்பிக்கு ஆர்டர் போட்டிருக்கோம் சார். வெளியிலேருந்து வரணும். வந்ததும்..."

"அது ஜூன் மாசமே வந்துடுச்சே சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மெக்கானிக். சொல்லலாமா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையில் நின்றிருந்தான். "ஸ்டோர்ல இருக்கு. மாட்டணும்னா மெஷினை நிறுத்தணும், நிறுத்த சாரோட கையெழுத்து வேணும். நான் மூணு தடவை கேட்டேன்."

ஜூன் மாதம்! மடிப்பு அக்கா இடது கையில் ஸ்பூன் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த மாதம்.

"இப்பவே மாட்டுங்க," என்றார் பெரிய டாக்டர்.

கேக்கை யாரும் வெட்டவில்லை. மெக்கானிக் முன்னால் ஓட, சலவைப் பிரிவு மொத்தமும் பின்னால் போனது. பெரிய டாக்டரும் வந்தார், வழி கேட்டுக்கொண்டுதான் வந்தார். ஆகட்டும் சாரும் வந்தார். தள்ளுவண்டி அண்ணன் வாசலிலேயே நின்றுவிட, மடிப்பு அக்கா அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

மெக்கானிக் அட்டைப்பெட்டியைக் கிழித்தான். உள்ளே பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கம்பி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு போல்ட், ஓர் ஓரத்தில் சின்ன ஒயர் இணைப்பு. மடிப்பு அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவள் தோளோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதுக்கா. ஓட விடுறேன், நீங்களே தொட்டுப் பாருங்க."

உருளை சுழன்றது. அந்தச் சத்தம் கேட்டதும் அவள் ஓர் அடி பின்வாங்கினாள். இருந்தாலும் வலது கையையே நீட்டினாள். மடங்காத நடுவிரலின் நுனி கம்பியில் பட்டது. பட்டதுதான் தெரியும், மொத்த இயந்திரமும் நின்றுபோனது.

எல்லோரும் கைதட்டினார்கள். ஆகட்டும் சார்கூடத் தட்டினார். நாத்தனார் "அண்ணி!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மடிப்பு அக்கா அவளை மெதுவாக விலக்கிவிட்டு மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "பெட்டி பிரிச்சதையும் சேர்த்தாக்கா? பதினாலு நிமிஷம்."

அவள் பக்கத்திலிருந்த துணிமூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்றுகூட அழாதவள், வாய்விட்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். யாராலும் தேற்ற முடியவில்லை.

"என் நேரம் சரியில்லைன்னு நானே நம்பிட்டேனே! எட்டு மாசமா என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேனே! பதினாலு நிமிஷம்யா! பதினாலு நிமிஷ வேலைதான்யா இது!"